இறகு எங்கே தொட்டது

செவ்வாய்க்கிழமை கண்ணைக் கட்டுவார்கள்.
கம்பவுண்டர் ஞானாபரணம் கையில் ஒரு கோழியிறகு.
தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும்.
முதல் வாரம்
கண்ணாமூச்சி என்றே நினைத்துச் சிரித்தேன்.

கன்னத்தில் தெரியும். தோளில் தெரியும்.
இடது கையில், மணிக்கட்டு வந்துவிட்டால்
இறகு வந்ததும் தெரியாது
போனதும் தெரியாது.
அங்கே கை இருப்பதே
பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் நடந்தது இவ்வளவுதான்:
கேப்பைக் கூழ்ச் சட்டியைக்
கந்தல் பிடிக்காமல் அடுப்பிலிருந்து இறக்கினேன்.
ஆத்தா அலறினாள்.
நான் அலறவில்லை.
அதைப் பார்த்துத்தான்
ஆத்தா இரண்டாம் முறை அலறினாள்.

கருமாத்தூருக்கு மேற்கே எங்கள் ஊர்.
ஆம்பளைகள் பத்து விரலையும்
செக்கானூரணிக் கச்சேரிப் புத்தகத்தில் கொடுத்துவிட்டு
மிச்சக் கையால் உழுதார்கள்.
பொழுது இறங்கினால் போலீஸ் கொட்டகையில் படுக்கை.
எல்லை தாண்டச் சீட்டு.
அய்யா என்னை வண்டியில் ஏற்றிய நாள்
சீட்டில் இரண்டே சங்கதி:
மகளை விட்டு வர.
விளக்கு வைக்குமுன் திரும்ப.

வழி முழுக்க நாகமலை படுத்தே கிடந்தது.
பெருநோய் விடுதி அதன் வாலுக்குப் பின்னால்.
கணக்கர் மைப்பெட்டியைத் திறந்து
"பிள்ளையின் பெருவிரல்" என்றார்.
அய்யா என் கையைப் பறித்துத்
தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.
"இவ ஒண்ணும் செய்யலீங்க."

வியாழக்கிழமை நீரடிமுத்து எண்ணெய், ஊசியில்.
போட்ட இடம் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.
கடுக்கிறது என்று
துரைசானி டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்வேன்,
பரிசு வாங்கின மாதிரி.
அமாவாசைக்கு ஆத்தா வருவாள்.
கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பாள்.
நான் தொட்ட எதுவும் வெளியே போகுமுன்
ஃபினாயில் வாளியில் முங்கி எழ வேண்டும்,
நான் திருப்பிக் கொடுத்த தூக்குச்சட்டிகூட.

ஆறு செவ்வாய் தப்பாமல் சொன்னால்
வீட்டுக்கு அனுப்புவார்களாம்.
பெரிய பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

கஞ்சி போட்ட சட்டைக் கை உரசும்.
குனிந்தால் வெற்றிலை வாசம் கிட்டே வரும்.
முக்காலி எந்தப் பக்கம் முனகுகிறது என்று பார்ப்பேன்.
கண்ணைக் கட்டினால் காது பெரிதாகிறது.
ஐந்து செவ்வாய் தப்பவில்லை.
ஆறாவதில்
"இங்கே" என்றேன்.
வெற்றிலை மெல்வது நின்றது.
"ஒச்சு, நான் இன்னும் தொடவே இல்லையே."

கட்டை அவிழ்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.
புத்தகத்தில் என்ன எழுதினாரோ.
எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது.

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி
கிளுவை வேலிக்கு வெளியே
அய்யா ஆந்தை போலக் கூப்பிட்டார்.
மலையைக் குறுக்கே ஏறி இறங்கி வந்திருந்தார்.
சீட்டு இல்லை.
முள்ளுக்கு நடுவே கையை விட்டு
என் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.
பிடித்திருக்கிறார் என்பதை
அவர் மூச்சு சொல்லித்தான் அறிந்தேன்.

"தெரியுதா தாயி?"

"தெரியுது அய்யா."

விடிந்து பார்த்தால்
இடது கையில் பச்சை வளையல் இல்லை.

தை அமாவாசைக்கு வந்த ஆத்தா
கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
ஓடையிலேயே மடக்கிவிட்டார்களாம்.
மடியை உதறினதில் விழுந்தது
சின்னக் கைக்கான கண்ணாடி வளையல் ஒன்று.
எந்த ஊர், எந்த வீடு, யார் பிள்ளை கழுத்தை நெரித்தாய் என்று
விடிய விடியக் கேட்டும்
வாயைத் திறக்கவில்லையாம்.
திறந்திருந்தால்
வளையலை வாளியில் போட்டிருப்பார்கள்.

களவு என்று எழுதி ஆறு மாசம்.

அய்யா எடுத்தது நிஜம்.
எனக்குத் தெரியாமல் எடுத்ததும் நிஜம்.